ஏலத்தோட்டப் பலகையில் என் வரி

எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் நான் கட்டியவை இவை. மேலிருந்து ஓடை வரைக்கும் ஐம்பத்திரண்டு கல்படி. மழைத் தண்ணீர் செடியின் வேரை அரிக்காமல் இருக்க மூன்று வடிகால் கான். பன்றி வராமல் தடுக்கப் பழைய கூரைத் தகரத்தில் ஒரு வேலி. பன்றி வந்த பிறகு, மிஞ்சிய தகரத்தில் இரண்டாவது வேலி. தார் பீப்பாயை வெட்டிச் செய்த ஒரு காயவைக்கும் அடுப்பு. காய் பிரிக்க உட்காருவதற்கு ஒரு கொட்டகை. அதில் ஆறு பேர் உட்காரலாம், ஒல்லியாக இருந்தால் ஏழு பேர்.

இத்தனையையும் ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, பிடி கழன்ற ஒரு சுத்தியல், இவற்றை வைத்துத் தனி ஆளாகச் செய்தேன். இன்ஜினியர் யாரும் வரவில்லை. வந்திருந்தால் அந்த இடத்தில் படி கட்டக் கூடாது என்று சொல்லியிருப்பார். ஆகவே அவர் வராததும் நல்லதுதான்.

இப்போது அந்தப் படியின் தலைமாட்டில் ஒரு பலகை வைக்கப் போகிறார்கள். சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்று பாஷையிலும் எழுத்து. சனிக்கிழமை பெயிண்டர் ஹட்டனிலிருந்து வருகிறார். எழுத வேண்டியதை ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக் கூட்டத்தில் படித்துக் காட்டினார்கள். மேலே 'மகளிர் சங்க ஏலக்காய்த் தோட்டம்'. அதன் கீழே தலைவியின் பெயர். அதன் கீழே உதவி செய்த காரியாலயத்தின் பெயர். தலைவி என் வீட்டுக்காரிதான். என் பெயர் இல்லை. தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்திலும் இல்லை.

அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தில் திருத்த ஒன்றும் இல்லை.

நான் தேயிலையில் நாற்பத்தோரு வருடம் வேலை செய்தேன். தவறணையில் நாற்று வளர்த்தேன், குழி வெட்டினேன், கான் வெட்டினேன், கிளையை மட்டமாகக் கழிக்கும் கவ்வாத்து வெட்டினேன். எல்லாவற்றையும் விட எனக்குப் பெயர் வாங்கித் தந்தது சுரண்டி வேலை. தேயிலைச் செடியின் காலடியில் முளைக்கும் களையைச் செதுக்கி எடுக்கும் கருவிதான் சுரண்டி. என் சுரண்டி போன வரிசையில் திரும்பவும் முளைப்பதற்குப் புல் ஒரு மாதம் யோசிக்கும். வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவே மற்ற ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து என் வரிசையைக் காட்டியிருக்கிறார். "இங்க சோத்தப் போட்டுத் திங்கலாம்டா" என்றார். யாரும் திங்கவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை.

எங்கள் டிவிஷனில் பதினோராம் நம்பர் மலையில் பாதிச் செடி நான் குழி வெட்டி நட்டது. நான் நடுவதற்கு முன்னும் அதற்குப் பதினோராம் நம்பர் மலை என்றுதான் பெயர். நட்ட பிறகும் அதேதான். நான் செத்த பிறகும் அதேதான் இருக்கும். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. பலகை விஷயத்தில் நான் ஏன் இப்படிப் பிடிவாதமாக நிற்கிறேன் என்று கேட்கிறார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

வேலையிலிருந்து நின்ற பிறகு எனக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை. கை சும்மா இருந்தால் வீட்டுக்காரி வெங்காயம் உரிக்கக் கொடுத்துவிடுவாள். அதற்குத் தப்பிக்கத்தான் கீழே சிங்களக் கிராமத்தில் ஒரு வீட்டுக்குக் கல்சுவர் கட்டப் போனேன். அந்த வீட்டுக்குப் பின்னால், ஓடை ஓரம், மர நிழலில், ஆள் உயரத்துக்கு மேலே இலை விட்டு நின்றது ஏலம். அப்போதுதான் எங்கள் பள்ளம் ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயும் ஓடை இருக்கிறது, நிழல் இருக்கிறது. எங்கள் டிவிஷன் ஹட்டனுக்குக் கீழே, தாழ்வில் இருக்கிறது. கந்தப்பளை, ராகலைப் பக்கத்துக் குளிர் இங்கே கிடையாது. பள்ளத்தில் இல்லாதது ஏலம் மட்டும்தான். அதற்குப் பதிலாக நான்கு லயத்துக் குப்பை இருந்தது.

வீட்டுக்காரப் பெரியவர் ஐந்து சாக்கு நிறைய ஏலக்கிழங்கு தோண்டிக் கொடுத்தார். நல்ல மனுஷன். செடியைத் தொட்டுக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் கேட்கவில்லை. "மாத்தயா, நான் நாற்பது வருஷம் தேயிலையில் இருந்தவன், செடியைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியதில்லை" என்று சிங்களத்திலேயே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் சொல்ல வந்தது என்ன என்பது எனக்கு மூன்று வருடம் கழித்துத் தெரிந்தது.

பள்ளம் தோட்டத்துக்குச் சொந்தம். கண்டாக்கையாவிடம் போய்க் கேட்டேன். அவர் மேனேஜர் துரையிடம் கேட்டு வந்து சொன்னார்:

"மூணு வருசம் பாருப்பா. மூணாவது வருசம் முடியிறப்ப வந்து பாப்பேன். காய் இருந்தா நீயே வச்சுக்க. இல்லாட்டி வெறகு மரம் நடச் சொல்லி ஆர்டர் இருக்கு."

"மூணு வருசம் எதுக்குங்கையா? ரெண்டே போதும்" என்றேன்.

குப்பையை அள்ள ஒரு மாதம். அதில் கிடைத்தவற்றில் உபயோகமானவை: தகரம், ஒரு தார் பீப்பாய், என்னுடைய பழைய சட்டை ஒன்று. பிறகு படி கட்டினேன். கல்லை ஓடையிலிருந்து ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றினேன். என் தங்கையைக் கட்டியவர், லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மச்சான், தினமும் பின்னேரம் வந்து மேலே குந்திக்கொள்வார். உதவிக்கு இல்லை, பார்ப்பதற்கு.

"மச்சான், பள்ளத்துக்கு எறங்குறதுக்குப் படி கட்டுறியா, இல்ல அங்கயே குடியேறப் போறியா?"

"காய்க்கட்டும். அப்ப நீ கேட்டு வருவ."

"நான் எதுக்கு வர்றேன்? எனக்கு ப்ளேன்டீயே போதும்."

கிழங்கைப் பிரித்து நாற்பது குழியில் வைத்தேன். எல்லாம் பிடித்தது. ஒன்று கூடப் பட்டுப்போகவில்லை. அது என் கை. வருடம் ஒன்று முடிவதற்குள் இடுப்புக்கு வந்தது, அடுத்த மழையில் தலைக்கு மேலே போனது. நான் தேயிலையைப் பார்த்தது போலவே அதையும் பார்த்தேன். வாரம் ஒரு தடவை சுரண்டி எடுத்துக்கொண்டு இறங்குவேன். நாற்பது செடியின் காலடியையும் வழித்துத் துடைத்துவிட்டு ஏறுவேன். ஒரு செடியைப் பரீட்சைக்காகக் கவ்வாத்தும் வெட்டினேன். மட்டக்கம்பு வைத்துப் பார்த்து, ஒரே மட்டமாக வெட்டினேன். அழகாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தச் செடி எழும்பவே இல்லை. முப்பத்தொன்பது மிச்சம்.

இரண்டாவது வருடம் ஒரு புதுத் தொந்தரவு வந்தது. செடியின் காலடியிலிருந்து, வால் போல, பச்சையாக ஏதோ ஒன்று நீண்டு தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு வந்தது. ஒரு செடிக்கு நாலைந்து வால். நான் அதை வேர் என்று நினைத்தேன். செடியின் சத்தைத் திருடும் வெட்டி வேர். தேயிலையில் இருந்தவனுக்குத் திருட்டு வேர் நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றையும் சுரண்டியால் நறுக்கென்று செதுக்கி ஓடையில் எறிந்தேன். அது திரும்ப வந்தது. நான் திரும்பச் செதுக்கினேன். அதுவும் விடவில்லை, நானும் விடவில்லை.

பூவை மேலே தேடினேன். இதுதான் முக்கியம். எங்களுக்குப் பயிர் என்றால் அது செடியின் தலையில் இருக்கும். கொழுந்து தலையில்தான் வரும். நாலு தலைமுறையாக நாங்கள் செடியின் தலையைத்தான் பார்க்கிறோம். கங்காணி பார்ப்பதும் தலையை, துரை பார்ப்பதும் தலையை. காலடியில் இருப்பது களை. அதனால் நான் தினமும் பள்ளத்துக்கு இறங்கி, கழுத்தைத் தூக்கி, ஏலத்தின் உச்சி இலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கழுத்துப் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது வருடம் பாதி ஆனது. பூ இல்லை. மச்சான் வந்து மேலே குந்திக்கொண்டு கேட்டார்:

"என்னா மச்சான், ஆகாசத்துலயா காய்க்கும்?"

கண்டாக்கையா சொன்ன கணக்குக்கு ஆறு மாதம்தான் இருந்தது. விறகு மரக் கன்றுகளைத் தவறணையில் ஏற்கெனவே கவரில் போட்டுவிட்டார்கள் என்றும் தெரியும். இரண்டே வருடம் போதும் என்று நான் சொன்னதைக் கண்டாக்கையா மறந்திருப்பார் என்று நம்பினேன். அவர் மறக்கவில்லை. வழியில் பார்க்கும்போதெல்லாம் இரண்டு விரலைக் காட்டினார்.

அந்த நேரத்தில்தான் நான் பத்தொன்பதாவது படியில் விழுந்தேன். மழைநாள். படியின் மேல் குற்றம் இல்லை, கல் இன்றைக்கும் அசையாமல் இருக்கிறது. கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் கட்டுப் போட்டுப் படுக்கச் சொன்னார்கள். படுத்துக்கொண்டு நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான்: பள்ளத்தைச் சுரண்ட ஆள் இல்லை, களை மண்டிவிடும்.

களை மண்டியது. எங்கள் வீட்டில் ஒரு மாடு உண்டு. அதற்குப் புல் அறுக்க வீட்டுக்காரி பள்ளத்துக்கு இறங்கினாள். அவள் ராகலைப் பக்கத்துப் பெண். பிறந்த வீட்டில் கேரட், உருளைக்கிழங்கு, லீக்ஸ். மண்ணுக்குள்ளே காசு இருக்கும் குடும்பம். அவர்கள் எந்தச் செடியைப் பார்த்தாலும் முதலில் காலடியைத்தான் பார்ப்பார்கள்.

புல்லுக்கட்டோடு வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்:

"ஏங்க, ஒங்க ஏலக்கா பூத்திருக்கு."

"எங்க? உச்சியிலயா?"

"காலுல."

"காலுல பூக்குறதுக்கு அது என்னா செடியா, செருப்பா?"

"நீங்க செதுக்கிச் செதுக்கித் தண்ணியில விட்டீங்களே ஒரு வாலு, அதுதாங்க பூக்காம்பு. ஒங்க கால் ஒடஞ்சதுல அது தப்பிச்சிருச்சி."

நான் நம்பவில்லை. நேரில் பார்க்க வேண்டும் என்றேன். கால் கட்டோடு எப்படி இறங்குவது? பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, மச்சானும் அவருடைய மகனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி இறக்கினார்கள். ஐம்பத்திரண்டு படிக்கும் மச்சான் வாய் மூடவில்லை.

"எண்ணிக்க மச்சான். ஒவ்வொரு படியும் நீ கட்டினது. இன்னும் கொஞ்சம் கம்மியா கட்டியிருக்கக் கூடாதா?"

பத்தொன்பதாவது படியில் கதிரையை வேண்டுமென்றே இறக்கிவைத்து இளைப்பாறினார். "இங்க ஒரு மாலை போடணும்" என்றார்.

கீழே போய்ப் பார்த்தேன். புல்லை விலக்கி அவள் காட்டினாள். தரையில் படுத்திருந்த வாலெல்லாம் பூ. சின்னப் பூ, வெள்ளை, நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் நரம்பு நரம்பாகக் கோடு. தேனீ வந்து உட்கார்ந்திருந்தது. சில இடத்தில் பிஞ்சு கூடப் பிடித்திருந்தது. முப்பத்தொன்பது செடி. ஒரு செடிக்கு நாலைந்து வால். ஒன்றரை வருடம், வாரம் ஒரு தடவை. நான் மனதுக்குள்ளே பெருக்கிப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். பெருக்கல் எனக்கு அவ்வளவு வராது.

எல்லாரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தண்ணி எங்கயும் தேங்கல பாத்தியா" என்றேன். "கான் நான் வெட்டினது."

அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்காரி என் சுரண்டியை எடுத்துக் கூரை மரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் செருகி வைத்தாள். எனக்கு எட்டாத உயரம். கால் சரியான பிறகும் எட்டவில்லை. கேட்டால், "எந்தச் சுரண்டி?" என்பாள்.

வருடம் முடிகிற சமயம் கண்டாக்கையா வந்தார். இரண்டு விரலைக் காட்டிக்கொண்டேதான் படி இறங்கினார். பள்ளத்தில் நின்றுகொண்டு, இடுப்பில் கைவைத்து, கழுத்தைத் தூக்கி உச்சி இலையைப் பார்த்தார். ஒவ்வொரு செடியாக உச்சியைப் பார்த்தபடி நடந்தார்.

"காய் எங்கப்பா? ஒண்ணையும் காணோமே."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தேயிலைக்காரன் என்றால் அப்படித்தான் பார்ப்பான், அது என்னுடைய முட்டாள்தனம் மட்டும் இல்லை.

"குனிஞ்சு பாருங்கையா" என்றாள் வீட்டுக்காரி.

கண்டாக்கையாவை அதுவரை யாரும் குனியச் சொன்னதில்லை. குனிந்தார். கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய். ஒன்றைப் பறித்து, நகத்தால் கீறி, மூக்கில் வைத்தார். அதன் பிறகு விரலைக் காட்டவில்லை.

"இது கீழ காய்க்கும்னு யாருப்பா கண்டுபுடிச்சது?"

"இவரு கால ஒடச்சிக்கிட்டாருங்கையா. அதுலதான் தெரிஞ்சிச்சி" என்றாள்.

அந்தப் பதிலில் எனக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். கால் என்னுடையது.

பள்ளம் எங்களுக்கு நின்றது. அடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏலக்காயை வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும், எங்கள் ஊர் மழைக்கு அப்படிக் காயவும் காயாது. மெல்லிய சூட்டில், புகை படாமல் வாட்ட வேண்டும். தார் பீப்பாயை நீளவாட்டில் வெட்டி, வலைத்தட்டு வைத்து, புகை வெளியே போகக் குழாய் வைத்தேன். முதல் ஈடு பச்சை மாறாமல் வந்தது. ஹட்டன் கடைக்காரர் ஒரு காயைப் பிளந்து முகர்ந்தார்.

"பெரியவரே, இத எங்க காயப்போட்டீங்க, ரோட்டுலயா? தார் வாசம் வருதே."

பீப்பாயை நெருப்பு வைத்துச் சுட்டு, மணல் போட்டுத் தேய்த்து, திரும்பச் சுட்டேன். இரண்டாவது ஈட்டில் ஏல வாசம்தான் வந்தது. இன்று வரை ஏழு வீட்டுக் காயும் அந்தப் பீப்பாயில்தான் காய்கிறது.

ஏழு வீடு ஆனது வீட்டுக்காரியால். அதை நான் மறைக்கவில்லை. கிழங்கு கேட்டு வந்த பெண்களுக்கெல்லாம் அவள் பிரித்துக் கொடுத்தாள். பள்ளத்தின் அந்தப் பக்கத்துக்கும் துரையிடம் அனுமதி வாங்கினாள். காயைக் கொழுந்து பறிக்கிற வேகத்தில் இரண்டு கையாலும் உருவாதே, முற்றினதை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளு என்று ஒவ்வொரு கையையும் பிடித்துக் காட்டினாள். பிறகு சங்கம் வைத்தார்கள், அவளைத் தலைவி ஆக்கினார்கள். காரியாலயத்திலிருந்து ஒரு மிஸ் மாதம் ஒரு தடவை வந்து போட்டோ எடுக்கிறார். நான் கட்டிய படியில் நின்றுகொண்டுதான் எடுக்கிறார்.

கொட்டகையில் நடந்த போன கூட்டத்தில் நான் எழுந்து நின்று, என் பெயரைப் போட வேண்டும் என்றேன். மிஸ் மரியாதையாகத்தான் பேசினார்.

"தாத்தா, பலகையில நாலு வரிக்குத்தான் எடம் இருக்கு. மூணு போயிட்டுது. நாலாவது வரியில என்னான்னு போடுறது?"

"எல்லாம் இவர்தான்னு போடுங்க" என்றேன்.

மச்சான் பின்னாலிருந்து, "பத்தொன்பதாவது படியில தனியா ஒரு பலகை வைங்க மிஸ், விழுந்த எடம்னு" என்றார். பெண்கள் சிரித்தார்கள். ஒல்லியானவர்கள் கூட இடம் போதாமல் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை.

"போடலாம் மிஸ். அவரு பேரு வரட்டும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆனா போடுறதுன்னா முழுசா போடணுங்க. படி கட்டினதும் வரணும், பூவச் சுரண்டினதும் வரணும். அடுத்த டிவிசன்ல இருந்து வந்து கெழங்கு வாங்கிட்டுப் போன புள்ள, போன மாசம் காலடியெல்லாம் சுத்தமா செதுக்கி வச்சிருக்கா. பூவோட சேத்து. யாரு சொல்லியும் கேக்கல. தேயிலையில இருக்கிறவங்க எல்லாம் அதத்தான் செய்வாங்க. பலகையில இருந்தா படிச்சிட்டாவது நிப்பாட்டுவாங்க."

நான் கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட்டேன். நாலு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. சாப்பிட்டேன், பேசவில்லை.

இந்த நாலு நாளும் தினமும் பள்ளத்தில் போய் உட்கார்ந்து யோசித்தேன். பதினோராம் நம்பர் மலையில் எந்தச் செடியை யார் நட்டார்கள் என்று எங்கேயும் எழுதவில்லை. யார் எந்தச் செடியைத் தவறாக வெட்டினார்கள் என்றும் எழுதவில்லை. இரண்டும் சேர்ந்தேதான் காணாமல் போயிருக்கின்றன. நல்லதை மட்டும் எழுது என்று நான் கேட்டால், என் பெயரை விட்ட அந்தத் தாளுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

ஆகவே இதை எழுதிச் சங்கத்துக்குக் கொடுக்கிறேன். நான் கேட்பது ஒரு வரி. அந்த வரியை நானே எழுதிவிட்டேன்: 'இடம் கண்டவர், படியும் கானும் அடுப்பும் கட்டியவர், ஏலப்பூவைக் களை என்று ஒன்றரை வருடம் சுரண்டியவர்.' அதற்குப் பக்கத்தில் என் பெயர். மூன்று பாஷையிலும் சுரண்டியவர் என்பதை விடாமல் போட வேண்டும். என் பெயர் ஐந்து எழுத்துத்தான், இடத்தை அடைக்காது.

எல்லா வரிக்கும் கீழே போட்டாலும் சரி. ஏலம் காய்க்கிறது அங்கேதான், இப்போது எல்லாருக்கும் குனிந்து பார்க்கத் தெரியும். பெயிண்டர் சனிக்கிழமை காலை வருகிறார். நான் படியில்தான் நிற்பேன்.